முந்தியிலிருந்து ஒரு சாண்

ஓர் ஆண்பிள்ளையின் தோளில் சேலை ஏறிவிட்டால் அந்த நிமிஷமே அவன் வம்சம் ஏழு தலைமுறைக்குத் தலைகுனிந்துவிடுகிறது என்பதும், அப்படிச் சேலை ஏறாத தோள்கள் தியாகராயநகர் ஜவுளிக்கடைகள் அத்தனையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் இரண்டே இரண்டுதான் அகப்படும் என்பதும், அவை இரண்டும் தன் உடம்பிலேயே இருக்கின்றன என்பதும் ஜவஹர் பல வருஷ ஆராய்ச்சிக்குப் பிறகு கண்டறிந்த உண்மைகள்.

அப்பேர்ப்பட்ட தோள்களுடன் அவன் தன் பழைய கடைக்கே திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் வாடிக்கைக்காரிக்கு விரித்துப்போட்ட முதல் பட்டுச்சேலையில் ஓட்டை இருந்தது.

பெரிய ஓட்டை இல்லை. முந்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இழை விட்டுப்போய், ஓர் அரிசி நுழைகிற அளவுக்கு ஒரு கீறல். மயிலாப்பூரிலிருந்து வந்திருந்த மாமி அதற்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டுப் பார்த்தாள்.

"ஏண்டாப்பா, பட்டுப்புடவை கேட்டா கொசுவலையைக் காட்டிண்டிருக்கே? எங்காத்துல கல்யாணம்டா, மலேரியா இல்லே."

ஜவஹர் அசட்டுச் சிரிப்புச் சிரித்து இரண்டாவது சேலையை விரித்தான். முந்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதே கீறல். மூன்றாவதிலும் அதே இடம். கையால் அளந்தே பார்த்தான். நாலாவதை எடுப்பதற்குள் மரியசெல்வம் வந்து மூன்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டான்.

"அது ரிட்டர்ன் சரக்கு மாமி. பையன் புச்சு."

அந்தக் கடையில் மூன்று வருஷம் கொட்டை போட்டவனைப் புதுசு என்றதுகூட ஜவஹருக்கு உறைக்கவில்லை. மரியசெல்வம் வேறு சேலை கொண்டுவந்து காட்டிய விதம்தான் உறைத்தது. தோளில் போட்டுக்கொள்ளவில்லை. துணி காயப்போடுகிறவனைப் போல இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தான்.

கடையின் பெயர் சுந்தரவல்லி பட்டு மாளிகை. சேலை எடுக்க வருகிற பெண்கள் கடையிலேயே கட்டிப் பார்க்க முடியாது. அதனால் விற்கிறவன் முந்தியைத் தன் இடது தோளில் போட்டு, கொசுவத்தை இடுப்பில் பிடித்து, ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று காட்ட வேண்டும். மீசை, வியர்வை, முழுக்கைச் சட்டை எல்லாவற்றுக்கும் மேலே அரக்குப் பட்டு. முதலாளி வெள்ளைத்துரை அண்ணாச்சி வைத்த சட்டம் அது. இரண்டு வருஷம் முன்னால் ஜவஹர் அந்தச் சட்டத்தைக் கடை நிறைந்த கூட்டத்தில் மறுத்து, "நான் கட்டிக் காட்டறதில்லை, அண்ணாச்சி!" என்று முழங்கிவிட்டுப் படியிறங்கினான். டீக்கடையில் அந்தக் கதை சொல்லச்சொல்ல வளர்ந்து, கடைசியில் அண்ணாச்சி கைகூப்பிக் கெஞ்சுகிற கட்டம் வரைக்கும் வந்திருந்தது.

அந்தக் கதையில் ஒருபோதும் இடம்பெறாதவன் மரியசெல்வம். சாந்தோம் குப்பத்துப் பையன். அப்பனும் அண்ணன்களும் கட்டுமரத்தில் போக, இவனுக்கு மட்டும் அலையைக் கண்டாலே குமட்டும் என்பதால் கரையேறிக் கடைக்கு வந்தவன். ஜவஹர் மறுத்த ஒவ்வொரு சேலையையும் மறுபேச்சில்லாமல் எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டவன் அவன்தான். ஜவஹர் அவனுக்கு 'மரியம்மா' என்று பெயர் வைத்து, கடைப்பையன்கள் வாயிலெல்லாம் அதைப் புழங்கவிட்டான். மரியசெல்வம் சிரிப்பான். சிரித்ததால் அவனுக்கும் அது பிடித்திருக்கிறது என்று ஜவஹர் முடிவு செய்துகொண்டான்.

கிண்டியில் ஜவஹர் வேலை பார்த்த போல்ட் கம்பெனியில் கதவடைப்பு வந்து, மாம்பலத்து அறையில் அவன் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தபோது தேடிக்கொண்டு வந்தவனும் அதே மரியசெல்வம்தான்.

"வா மச்சி. அண்ணாச்சியே கூப்ட்டாரு. இப்பல்லாம் கட்டிக் காட்ற வேலையே கிடையாது. நீ சொன்னதுதான் சட்டம்னு வெச்சிக்கயேன்."

தன் புரட்சி தான் இல்லாமலே வெற்றியடைந்துவிட்டதில் ஜவஹருக்குக் கொஞ்சம் வருத்தம். இருந்தாலும் வந்தான்.

வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மாடியில் அந்த ஆளுயரக் கண்ணாடிக்கு வெள்ளைத் துணியால் முக்காடு போட்டிருந்தார்கள். வாடிக்கைக்காரர்கள் உட்காரும் மெத்தையின் வெள்ளை விரிப்பில் வெறுங்காலோடு நடந்தபோது அரிசி மணி உள்ளங்காலில் குத்தியது. ஒன்றிரண்டு அல்ல, விரிப்பின் மடிப்பெல்லாம் பச்சரிசி. புதுப்பட்டின் கஞ்சி வாசனை, பாச்சை உருண்டை, ஊதுபத்தி எல்லாவற்றுக்கும் அடியில், ஈர விறகு சரியாகப் பிடிக்காமல் புகைகிற மாதிரி ஒரு வாடை, மின்விசிறி சுழலும்போது இல்லாமலும் நிற்கும்போது மெல்ல எழுந்தும் மாடி முழுக்கப் பரவிக்கிடந்தது. அது கரண்ட் வெட்டுக் காலம். விசிறி அடிக்கடி நின்றது. நின்றால் மற்ற விற்பனையாட்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கீழே இறங்கிப் போய்விடுவார்கள். ஜவஹர் மட்டும் நிற்பான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஒரு தடவை அப்படி நின்றபோது பின்னாலிருந்த கண்ணாடி அலமாரிக்குள், அடுக்கியிருந்த பட்டுகளில் ஏதோ ஒன்று தன்னைத் தானே சரசரவென்று பிரித்துக்கொள்கிற சத்தம், நிதானமாக, தலைப்பு வரைக்கும் கேட்டது. எலி என்று உரக்கச் சொன்னான். சத்தம் நின்றது. எலி அப்படிச் சொன்னால் நிற்காது என்பது பிற்பாடுதான் தோன்றியது.

மரியசெல்வத்தின் இடது தோளில் எப்போதும் ஒரு துண்டு கிடந்தது. சனிக்கிழமை பகல், டீக்கடையில், வேடிக்கையாக அந்தத் தோளில் தட்டினான் ஜவஹர். கை உள்ளே அமுங்கியது. ஹேங்கரில் மாட்டிய சட்டையைத் தட்டின மாதிரி. மரியசெல்வம் டம்ளரோடு பின்னால் துள்ளினான்.

"கைய வெக்காத!"

"என்னலே ஆச்சு தோளுக்கு?"

"சேலை போட்டுப் போட்டு தேஞ்சிருச்சு" என்றான் மரியசெல்வம். பிறகு, டீயைப் பார்த்துக்கொண்டே, "அண்ணாச்சி சம்சாரம் செத்துட்டாங்க, தெரியுமில்ல? நீ வேலைய வுட்டுப் போன வருசமே" என்றான்.

சுந்தரவல்லி அம்மாளை ஜவஹருக்குத் தெரியும். கடைப் பலகையில் அவள் பெயர் இருந்ததே தவிர, கடைச் சரக்கு ஒன்றுகூட அவள் உடம்புக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை, சாயங்காலம் வருவாள். மெத்தையில் உட்கார்ந்து, மரியசெல்வத்தைப் பார்த்து, "அதைக் கட்டிக் காட்டு தம்பி, இதைக் கட்டிக் காட்டு" என்று விளக்கு வைக்கும் வரை பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

"அனுப்பும்போது கோடி போர்த்தணும்ல? கட நெறய பட்டு. எத எடுத்துப் போட்டாரு தெரியுமா? டேமேஜ் சரக்கு. முந்தியாண்ட ஒரு சாண் தள்ளி எழ வுட்டுப்போய், விக்காம கெடந்திச்சே ஒரு கத்திரிப்பூ கலரு, அது. 'எரியப் போறதுதானலே, இதுக்கு எதுக்கு நல்ல சரக்கு'ன்னாரு. என் கையாலதான் மடிச்சிக் குடுத்தேன்."

ஜவஹருக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. அதை மறைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி இருந்தது.

"அதான் இப்ப நல்லதா மாத்திக்க வருதாக்கும்? தள்ளுபடி உண்டா மரியம்மா?"

மரியசெல்வம் சிரிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் சிரிக்காமலிருந்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கே ஜவஹர் வேலையை விட்டுவிடுவதென்று தீர்மானித்தான். பயத்தினால் அல்ல, கொள்கையினால். உட்கார ஒரு முக்காலிகூடத் தராத கடையில் மானஸ்தன் எத்தனை நாள் நிற்பது? மாம்பலம் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினாலும் வெளிச்சத்தில் தூக்கலாம். அதை மரியசெல்வத்திடம் சொன்னபோது அவன் கேட்டான்:

"சொல்லாமக் கொள்ளாம ஓடப்போறியா? போன தபா எப்டிப் போன நீ! ஊரே பேசிச்சு. நாளிக்கு சாயங்காலம் அண்ணாச்சி கடைக்கு வர்றாரு. மூஞ்சிக்கு நேரா சொல்ட்டுப் போ. நான் ஷட்டர் தெறந்து வைக்கறேன்."

ஓடுகிறவன் என்ற சொல்தான் தைத்தது. இரவு முழுக்க ஜவஹர் பேச்சைத் தயார் செய்தான். மூன்று பத்திகள். நடுவில் 'சுயமரியாதை' இரண்டு இடத்தில் வந்தது.

ஞாயிறு சாயங்காலம் உஸ்மான் ரோடு தூங்கி எழுந்த முகத்தோடு கிடந்தது. கடைகளெல்லாம் பூட்டு. பூக்காரி ஒருத்தி, ஒரு ரிக்ஷா, பனகல் பார்க் பக்கமிருந்து யாரோ வீட்டு ரேடியோ. சுந்தரவல்லி பட்டு மாளிகையின் ஷட்டர் இடுப்புயரத்துக்குத் தூக்கியிருந்தது. பக்கத்தில் துண்டைத் தோளில் அழுத்திப் பிடித்தபடி மரியசெல்வம்.

"மேல இருக்காரு. செருப்ப உட்டுட்டுப் போ."

ஜவஹர் குனிந்து நுழைந்தான். அவனுக்கு அந்த நேரத்தில் மரியசெல்வத்தின் மேல் ஒரு பிரியம் பொங்கியது. போகும்போது ஏதாவது நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். மரியம்மா என்று கூப்பிட்டதெல்லாம் தமாஷுக்குத்தான், மனசில் வைக்காதே என்கிற மாதிரி. படியேறும்போது முதல் பத்தியை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

மாடியில் ஒரு டியூப் லைட் மட்டும் எரிந்தது. மெத்தையில் புது விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லை. இரு பக்கமும் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் பட்டுகள் அடுக்கடுக்காக, அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, வெளிச்சத்தில் ஈரமாக இருப்பதைப் போல மினுங்கிக்கொண்டிருந்தன. கண்ணாடியின் முக்காட்டை எடுத்திருந்தார்கள். யாரோ ஊதுபத்தி ஏற்றிவைத்திருந்தார்கள்.

அண்ணாச்சி இல்லை.

"அண்ணாச்சி?"

கீழே ஷட்டர் தடதடவென்று இறங்கியது.

நான்கைந்து படியாகத் தாவி இறங்கினான். இருட்டு. வெளியே பூட்டு விழுகிற சத்தம், ஒன்று, இன்னொன்று. இரும்பில் இரண்டு கையாலும் அறைந்தான்.

"ஏலே! மரியசெல்வம்! உள்ள நான் இருக்கேம்லே!"

"தெரியும்" என்றது மரியசெல்வத்தின் குரல், வெகு அருகில், தகட்டில் வாயை வைத்துச் சொல்கிற மாதிரி. "மன்னிச்சிக்க மச்சி. வேறாளக் கொண்டாந்து வுட்டாத்தான் நான் போலாம்னுட்டாரு அண்ணாச்சி. ஒன் பங்குக்கும் சேத்து எத்தினி ஞாயித்துக்கெழம நான் கட்டிக்கினேன்? ஒரே ஒரு தபா நீ கட்டிக்க."

"விளையாடாதே. திறடா!"

தெருவில் ஓர் இருமல். அந்த இருமல் ஜவஹருக்குத் தெரியும். கல்லாவுக்குப் பின்னாலிருந்து மூன்று வருஷம் கேட்டது.

"உள்ள போயிட்டானாலே?" என்றார் அண்ணாச்சி.

"போய்ட்டான் அண்ணாச்சி."

"நல்லது. அவன் தோள் ரெண்டும் புதுசுல்லா. தாங்கும்."

கார்க் கதவு சாத்தியது. வண்டி கிளம்பி, பார்க் திருப்பத்தில் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. மரியசெல்வத்தின் ரப்பர் செருப்புச் சத்தம் முதலில் நடந்து, பிறகு ஓடியது. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஜவஹர் காதை இரும்பில் வைத்துக் கேட்டான். சாந்தோம் பக்கம். குமட்டுகிற கடலைப் பார்த்து ஓடினான்.

கரண்ட் போயிற்று.

மாடியில் விளக்கு அணைந்தது படிக்கட்டின் வளைவில் தெரிந்தது. மொத்தக் கடையும் ஒரு மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டது. அந்த வாடை, விசிறி நிற்கும்போதெல்லாம் வரும் ஈர விறகின் வாடை, மெல்லப் படியிறங்கி வந்து அவன் சட்டைக்குள் நுழைந்தது. கரிந்த பட்டும் அதில் இருந்தது. அது என்ன வாடை என்று இப்போது தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

மேலே கண்ணாடிக் கதவு நகர்ந்தது.

சரசர.

ஏதோ பிரிந்தது. உதறி விரிந்தது. பிறகு முதல் படியில் ஒரு மெத்தென்ற சத்தம். அடுத்த படியில். அடுத்ததில். ஜவஹர் முதுகை ஷட்டரில் ஒட்டிக்கொண்டான். அந்தி வெளிச்சத்தின் மங்கல் படிக்கட்டு ஜன்னல் வழியாக விழுந்த இடத்தில், ஒரு சேலை தண்ணீர் இறங்குவதுபோலப் படிப்படியாக வழிந்து வந்துகொண்டிருந்தது. தரைக்கு வந்தது. தேடியது. அவன் இடது பாதத்தில் முந்தி வந்து படிந்தது.

ஈரமாக இருந்தது.

"தம்பி."

மேலேயிருந்து. அலுத்துப்போன குரல். வெகுநேரமாகக் காத்திருக்கிற வாடிக்கைக்காரியின் குரல்.

"வாங்கம்மா" என்றது ஜவஹரின் வாய். அவன் சொல்லவில்லை. மூன்று வருஷப் பழக்கம் சொல்லியது.

சேலை மெல்லப் பின்வாங்கியது. ஒவ்வொரு படியாக. அவன் கால்கள் அதன் பின்னால் ஏறின. நிறுத்தப் பார்த்தான். பத்திகளை நினைத்துப் பார்த்தான். சுயமரியாதை என்ற சொல் எங்கே வரும் என்பது மறந்துபோயிருந்தது.

மாடி ஜன்னலில் மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில், மெத்தையில் யாருமில்லை. ஆனால் விரிப்பின் நடுவில் ஒரு பள்ளம். ஆள் உட்கார்ந்த பள்ளம். ஜவஹர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் கொஞ்சம் அமுங்கியது, சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிற மாதிரி.

"கட்டிக் காட்டு."

"நான்..." ஜவஹர் அலமாரிப் பக்கம் ஒதுங்கினான். "நான் கட்டிக் காட்டறதில்லீங்கம்மா."

விரிப்பில் ஏதோ உதிர்ந்தது. சின்னச் சின்னதாக. அரிசி.

பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் கண்ணாடியைப் பார்த்தான்.

கண்ணாடியில் மெத்தை காலியாக இல்லை. கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. சேலை கட்டியிருக்கவில்லை, போர்த்தியிருந்தது. ஓரமெல்லாம் கரிந்து சுருண்டிருந்தது. நீட்டியிருந்த கால்களில் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத்துணிக் கிழிசலால் கட்டியிருந்தார்கள். அது தலையைச் சாய்த்து அவனையே, ஒரு சரக்கைப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழாகப் பார்த்தது. வாயைத் திறந்தபோது அரிசி வழிந்தது.

"அந்தப் பையன் நல்லாக் காட்டுவான். நீ காட்டமாட்டியோ?"

ஜவஹர் மாம்பழ நிறத்துப் பட்டை எடுத்தான். உதறினான். முந்தியை இடது தோளில் போட்டான். கனத்தது. ஈரத்துணியைவிட, மூட்டையைவிட, ஓர் ஆளைவிடக் கனத்தது. கொசுவம் பிடித்தான்.

"உங்க நிறத்துக்கு... எடுப்பா இருக்கும்மா" என்றான்.

கண்ணாடியில் அது எழுந்தது. கட்டிய கால்களோடு, சிறு சிறு தத்தலாக, மெத்தையைத் தாண்டி வந்தது. ஒவ்வொரு தத்தலுக்கும் கொஞ்சம் அரிசி. அவனுக்குப் பின்னால் வந்து நின்றது. தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஜரிகையை நகத்தால் சுரண்டிப் பார்த்தது. நெருக்கமாகப் பார்க்கிற எல்லாப் பெண்களையும் போல. முந்தியிலிருந்து சாண் போட்டு அளந்தது. ஒரு சாண். அந்த இடத்தில், அவன் தோளுக்கு மேலே, நகம் நின்றது.

வலிக்கவில்லை. ஏதோ ஓர் இழை விட்டுப்போனது, அவ்வளவுதான்.

சேலை தானாக வழுக்கி விழுந்தது. தோளில், சட்டையில், ஓர் அரிசி நுழைகிற அளவுக்குக் கீறல். சட்டைக்கு அடியில் தோலிலும் அதே கீறல். ரத்தம் இல்லை. உள்ளே சதையும் இல்லை. இருட்டாக, காலியாக, பெட்டிக்குள் பார்ப்பதுபோல இருந்தது. கீறலின் விளிம்பில் ஓர் இழையின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த கை அதை இரண்டு விரலால் பிடித்து, பட்டுதானா என்று பார்ப்பதற்காக, மெதுவாக உருவ ஆரம்பித்தது.

உருவிக்கொண்டே இருந்தது.

"இது வேண்டாம்" என்றது குரல். "அடுத்தது."

ஜவஹர் அலமாரியிலிருந்து மயில்கழுத்து நிறத்தை எடுத்து உதறினான். முந்தியை ஒழுங்காக இடது தோளில் போட்டுக்கொண்டான். கொசுவத்தை இடுப்பில் பிடித்து, கொஞ்சம் ஒருக்களித்துத் திரும்பி, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தபடி நின்றான்.